வானத்தைப் பதிந்த மலை

நுழையும்முன்

வானத்தை நோக்குவது மனித இனத்தின் மிகப் பழைய பழக்கம். நோக்கியதை நாள்தோறும் எழுதிவைப்பதும் எழுதியதைப் பிறருக்கு அளிப்பதும் அறிவியலின் பழக்கம். பழனிமலைத் தொடரின் உச்சியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் இப்பழக்கம் இடைவிடாது கைக்கொள்ளப்பட்டு வருகிறது. பெரும்பஞ்சம் ஒன்று எழுப்பிய வினாவால் கொடைக்கானலில் ஓர் ஆய்வகம் தோன்றியது. அவ்வாய்வகத்தின் கதையையும், மலையின் வானிலைக்கும் இரவு வானத்திற்கும் உள்ள தொடர்பையும், பதிவும் பகிர்வும் அறிவை வளர்க்கும் முறையையும் இவ்வுரைநடை விளக்குகிறது.

மலையும் பொழுதும்

பழந்தமிழர் நிலத்தைப் பொழுதோடு சேர்த்தே எண்ணினர். நிலம், பொழுது ஆகிய இரண்டையும் முதற்பொருள் எனத் தொல்காப்பியம் வகுத்தது. மலையும் மலைசார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்குக் கூதிர்காலமும் முன்பனிக்காலமும் பெரும்பொழுதுகள், யாமம் சிறுபொழுது. குளிர்ந்த பருவத்தையும் நள்ளிரவையும் மலைக்கு உரியவையாகக் கொண்ட இவ்வகைப்பாட்டில், ஒரு நிலத்தின் இயல்பை அதன் வானத்தோடு பொருத்திக் கண்ட நோக்கு புலப்படுகிறது.

குறிஞ்சி நிலத்துக்குச் சிறந்த சான்று பழனிமலை. மேற்குத்தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிப் பிரிந்து, திண்டுக்கல் மாவட்டத்தின் ஊடே நீளும் மலைத்தொடர் இது. வடக்கே பழனியின் சமவெளியும் தெற்கே வைகைப் படுகையும் இதன் அடிவாரங்கள். மஞ்சளாறு, மருதாநதி, குதிரையாறு முதலிய ஆறுகள் இம்மலையில் பிறந்து கீழுள்ள வயல்களை அடைகின்றன. ஆகவே மலையில் பெய்யும் மழை, மலையில் வாழ்வோருக்கு மட்டும் உரிய செய்தியன்று. சமவெளியில் நாற்று நடுவோரும் அதனை எதிர்நோக்கியே இருக்கின்றனர்.

இம்மலைச் சரிவுகளில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூக்கிறது. 2006ஆம் ஆண்டிலும் 2018ஆம் ஆண்டிலும் கொடைக்கானல் பகுதி அவ்வாறு பூத்தது. குறிஞ்சி எத்தனை முறை பூத்தது என எண்ணி அகவையைக் கணக்கிடும் வழக்கம் மலைவாழ் மக்களிடையே இருந்தது என்பர். இயற்கையின் ஒழுங்கை உற்றுநோக்கி நினைவில் பதிந்துகொள்ளும் இவ்வழக்கமும் ஒருவகைப் பதிவே. நினைவிலிருந்த பதிவு ஏட்டுக்கு மாறிய வரலாறு, பழனிமலையில் ஒரு பஞ்சத்தோடு தொடர்புடையது.

பஞ்சம் எழுப்பிய வினா

1876ஆம் ஆண்டு முதல் 1878ஆம் ஆண்டு வரை தென்னிந்தியாவைப் பெரும்பஞ்சம் வாட்டியது. தாது ஆண்டில் தொடங்கியதால் மக்கள் அதனைத் தாதுவருடப் பஞ்சம் என்றனர். பருவமழை பொய்த்தது, தானிய ஏற்றுமதியை நிறுத்தாத ஆட்சியாளரின் போக்கு துயரத்தைப் பெருக்கியது. இலட்சக்கணக்கான மக்கள் பசியாலும் நோயாலும் மடிந்தனர். பிழைத்தோர் பலர் ஊரைத் துறந்து கடல்கடந்த தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றனர்.

மழை பொய்ப்பதை முன்கூட்டியே அறிய இயலுமா என்னும் வினா அப்பொழுது எழுந்தது. சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ பதினோர் ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறைகிறது என்பதை வானியலார் அதற்கு முன்பே கண்டறிந்திருந்தனர். இக்கூடுதல் குறைதலுக்கும் மழைக்கும் தொடர்பு இருக்கலாம் எனச் சிலர் கருதினர். வில்லியம் ஹண்டர் என்னும் அதிகாரி, சென்னையில் 1813ஆம் ஆண்டு முதல் எழுதிவைக்கப்பட்டிருந்த மழைக் கணக்கைக் கரும்புள்ளிக் கணக்கோடு ஒப்பிட்டார். சூரியனில் புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் சென்னையில் மழையும் குறைகிறது என அவர் 1877இல் எழுதினார்.

ஹண்டர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட மழைக் கணக்கு சென்னையில் இருந்ததற்குக் காரணம், அங்கு முன்பே ஓர் ஆய்வகம் இயங்கி வந்தமையாகும். கிழக்கிந்தியக் கும்பினியார் 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் ஒன்றை நிறுவினர். அங்கு விண்மீன்களின் இருப்பிடத்தோடு வெப்பநிலை, காற்றழுத்தம், மழை ஆகியவையும் குறிக்கப்பட்டன. தாமஸ் டெய்லர் என்னும் வானியலார் ஏறத்தாழ 11,000 விண்மீன்களின் பட்டியலை அங்கிருந்து 1844இல் வெளியிட்டார். அவ்வாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்து சென்ற நிகழ்வைப் பற்றி அவர் எழுதிய நூல், இந்திய மொழிகள் பலவற்றில் வெளிவந்தது. வானத்தில் நிகழ்வதை அறியும் உரிமை எளிய மக்களுக்கும் உண்டு என்பதை அம்முயற்சி உணர்த்தியது.

மலையுச்சியைத் தேர்ந்தமை

சூரியனை நாள்தோறும் நோக்குவதற்குச் சென்னை ஏற்ற இடமாக இல்லை. கடலோர ஈரமும் நகரத்துப் புழுதியும் தரையிலிருந்து எழும் வெப்பமும் தொலைநோக்கியில் தெரியும் உருவத்தைக் கலங்கச் செய்தன. ஆகவே உயரமான இடம் ஒன்று தேடப்பட்டது. இயற்பியல் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித் 1880களில் நீலகிரியிலும் பழனிமலையிலும் தங்கி, வானத் தெளிவை ஆராய்ந்து கொடைக்கானலைப் பரிந்துரைத்தார். கெல்வின் பிரபுவின் தலைமையில் அமைந்த குழு 1893இல் அதனை ஏற்றது. 1895இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1899 ஏப்ரல் முதல் நாளன்று சென்னையின் வானியல் பணிகள் கொடைக்கானலுக்கு மாறின. வானிலைத் துறையின் ஆளுகையில் இயங்கிய புதிய ஆய்வகத்துக்கு மிச்சி ஸ்மித்தே முதல் இயக்குநர் ஆனார்.

கடல் மட்டத்திலிருந்து 2343 மீட்டர் உயரத்தில் இவ்வாய்வகம் அமைந்துள்ளது. அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தில் உள்ளதன் நான்கில் மூன்று பங்கைச் சற்றே மிஞ்சும். அதாவது வளிமண்டலத்தின் கால்பங்குக்கு அண்மையான காற்றும், அதில் கலந்துள்ள தூசியின் பெரும்பகுதியும் நோக்குவோரின் காலடிக்குக் கீழே நின்றுவிடுகின்றன. விடியற்பொழுதில் தரை இன்னும் சூடேறாமையால் காற்று அலையாமல் இருக்கும். சூரியனின் உருவம் நடுங்காமல் தெரியும் நேரம் அதுவே. ஆகவே கொடைக்கானல் ஆய்வகத்தின் வேலைநாள் காலைக் கதிரோடு தொடங்குகிறது.

பகலின் ஏடு

முகில் மறைக்காத ஒவ்வொரு காலையிலும் சூரியனைப் படமெடுப்பது என்னும் பணி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வழக்கமாயிற்று. 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறிய தொலைநோக்கி ஒன்று சூரியனின் முழுவட்டத்தைக் கண்ணாடித் தகட்டில் பதித்தது. கரும்புள்ளிகள் கையாலும் வரையப்பட்டன. ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் என்னும் கருவி, சூரிய ஒளியிலிருந்து ஒரே ஒரு நிறத்தை மட்டும் பிரித்தெடுத்துப் படமாக்கியது. கால்சியத்துக்குரிய ஊதா ஒளியில் எடுத்த படங்கள் சூரியனின் காந்தப்புலம் செறிந்த பகுதிகளை வெண்மையாகக் காட்டின. ஹைட்ரஜனுக்குரிய சிவப்பு ஒளியில் எடுத்த படங்கள் சூரிய விளிம்பில் எழும் தழல்நாக்குகளைப் புலப்படுத்தின.

1907இல் இங்கு வந்த ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரியில் முக்கியமான கண்டுபிடிப்பு ஒன்றை நிகழ்த்தினார். கரும்புள்ளியின் நிழல்போன்ற புறப்பகுதியிலிருந்து வரும் ஒளியை நிறமாலையாகப் பிரித்தபோது, அதன் கோடுகள் இடம் பெயர்ந்திருப்பதைக் கண்டார். அணுகிவரும் பொருளின் ஒளி நீலத்தை நோக்கியும் விலகிச்செல்லும் பொருளின் ஒளி சிவப்பை நோக்கியும் பெயரும். அதனைக்கொண்டு, கரும்புள்ளியின் நடுவிலிருந்து புறம்நோக்கி நொடிக்குச் சில கிலோமீட்டர் விரைவில் வளிமங்கள் பாய்கின்றன என அவர் நிறுவினார். 'எவர்ஷெட் விளைவு' என உலகம் அதனைக் குறிப்பிடுகிறது.

புகழ்பெற்ற கண்டுபிடிப்புகள் சில நாள்களில் நிகழ்ந்தவை. ஏனைய ஆயிரக்கணக்கான நாள்களில் நடந்த பணி அமைதியானது. குவிமாடத்தைத் திறத்தல், காற்றின் நிலையைக் காணுதல், படமெடுத்தல், நேரத்தைக் குறித்தல், தகட்டை உறையிலிட்டு அடுக்குதல் என அது நாள்தோறும் தொடர்ந்தது. ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் இங்கு நோக்கர்களாகப் பணியாற்றியுள்ளனர். உலகப் போர்கள் நடந்த ஆண்டுகளிலும் நாடு விடுதலை பெற்ற ஆண்டிலும் சூரியனின் பதிவு நிற்கவில்லை.

முகில் மூடிய நாள்களில் மட்டும் ஏட்டில் இடைவெளி விழுந்தது. அவ்விடைவெளிக்கு விடையாக அமைந்தது பகிர்வு. அமெரிக்காவின் வில்சன் மலையிலும் பிரான்சின் மூடோனிலும் இதேபோன்ற படங்கள் எடுக்கப்பட்டு வந்தன. ஓரிடத்தில் முகில் சூழ்ந்தால் மற்றோரிடத்தில் வானம் தெளிந்திருக்கும். இன்று இம்மூன்று இடங்களின் பதிவுகளையும் இணைத்தே சூரியனின் நூறாண்டு வரலாற்றை ஆய்வாளர் எழுதுகின்றனர்.

விடை வேறோரிடத்தில்

ஆய்வகத்தைத் தோற்றுவித்த வினாவுக்கு விடை கிடைத்ததா என்பது இயல்பாக எழும் ஐயம். 1904 முதல் 1924 வரை இந்திய ஆய்வகங்களுக்குத் தலைமை வகித்த கில்பர்ட் வாக்கர் என்னும் கணித அறிஞர் அதனை ஆராய்ந்தார். கரும்புள்ளிகளைக் கொண்டு பருவமழையைக் கணிக்கும் அளவுக்கு அவ்விரண்டுக்கும் இடையே வலுவான தொடர்பு இல்லை என்பது அவர் கண்ட முடிவு.

வாக்கர் அத்துடன் நிற்கவில்லை. உலகின் பல பகுதிகளிலிருந்து காற்றழுத்தம், வெப்பநிலை, மழை ஆகியவற்றின் பதிவுகளைத் திரட்டினார். பசிபிக் பெருங்கடலில் காற்றழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடல் பகுதியில் தாழ்வதையும், அங்குத் தாழும்போது இங்கு உயர்வதையும் கண்டார். துலாக்கோலின் இரு தட்டுகளைப் போன்ற இவ்வசைவுக்கு 'தென் அலைவு' எனப் பெயரிட்டார். 1969இல் யாக்கோப் பியர்க்னஸ் என்னும் வானிலை அறிஞர், இவ்வலைவும் பசிபிக் கடல்நீர் வெப்பமடையும் எல் நினோ நிகழ்வும் ஒன்றோடொன்று பிணைந்தவை என விளக்கினார். இந்தியப் பருவமழையை முன்னறிவதற்கு இன்று எல் நினோ இன்றியமையாத குறிப்பாகக் கொள்ளப்படுகிறது.

பஞ்சத்தின் வினாவுக்கு உரிய விடையின் ஒரு பகுதி இவ்வாறு தொலைவிலுள்ள கடலில் கிடைத்தது. பெயர் தெரியாத பலர் தத்தம் ஊர்களில் நாள்தோறும் குறித்துவைத்த எண்களை ஒன்றுசேர்த்தமையால் அது கிடைத்தது.

கொடைக்கானலின் கண்ணாடித் தகடுகளும் வீணாகவில்லை. 1971இல் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் பகுதியான இவ்வாய்வகம், தன் பழைய பதிவுகளை எண்மியப் படங்களாக மாற்றி ஆய்வாளர் அனைவருக்கும் திறந்துவைத்துள்ளது. சூரியனில் எழும் காந்தப் புயல்கள் செயற்கைக்கோள்களையும் வானொலித் தொடர்பையும் மின்கடத்து அமைப்புகளையும் பாதிக்கக்கூடியவை. 2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலம் சூரியனை இடைவிடாது நோக்கி வருகிறது. அதன் முதன்மைக் கருவியை உருவாக்கியதும் இதே நிறுவனம்தான். விண்கலம் இன்றைய சூரியனைக் காட்டுகிறது. நூறாண்டுக்கு முந்தைய சூரியனை அதனால் காட்ட இயலாது. மழைக்காகத் தொடங்கிய ஏடு, அதனைத் தொடங்கியோர் எண்ணியும் பாராத விண்வெளி வானிலை ஆய்வுக்கு இன்று துணைநிற்கிறது.

முகிலும் உறைபனியும்

சூரியனுக்குத் தொலைநோக்கி வேண்டும். மலையின் வானிலையை நோக்கக் கண்ணும் சில எளிய கருவிகளும் போதும். உயரம் ஒரு கிலோமீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. எனவே அடிவாரத்தில் 35 பாகை வெப்பம் நிலவும் நேரத்தில் ஆய்வகத்தின் அருகே 20 பாகை அளவே இருக்கக்கூடும். தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று ஆகிய இரண்டும் இம்மலைக்கு மழை தருகின்றன. காற்று சரிவில் மேலேறும்போது விரிந்து குளிர்கிறது. அதிலுள்ள நீராவி துளிகளாகத் திரண்டு முகிலாகிறது. கீழிருப்போருக்கு முகிலாகத் தெரிவதே மலையில் நிற்போருக்கு மூடுபனியாகிறது.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில் உறைபனி விழுகிறது. பகலில் தரை பெற்ற வெப்பம் இரவில் வானத்தை நோக்கி வெளியேறுகிறது. முகில் இருப்பின் அது போர்வைபோல் வெப்பத்தின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். முகிலற்ற இரவில் அவ்வாறு தடுப்பது எதுவும் இல்லை. குளிர்ந்து கனத்த காற்று சரிவில் வழிந்து பள்ளத்தாக்கில் தேங்குகிறது. ஆகவே மேட்டில் உள்ள புல் ஈரமாக மட்டும் இருக்க, பள்ளத்தில் உள்ள புல் வெண்மையாக உறைந்திருக்கும். பூம்பாறை, மன்னவனூர் முதலிய ஊர்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் விளைவிப்போருக்கு இது கவலைதரும் செய்தி. வானியலார் விரும்பும் தெளிந்த இரவே உழவர் அஞ்சும் இரவாகவும் அமைகிறது.

இதனால் மலையில் ஊருக்கு ஊர் வானிலைப் பதிவு வேண்டப்படுகிறது. ஒரு முகட்டின் வெப்பமானி அடுத்த பள்ளத்தின் குளிரைக் காட்டாது. ஒரு சரிவில் கொட்டும் மழை மறுசரிவை எட்டாமல் போகலாம். அருகருகே உள்ள ஊர்கள் தம் பதிவுகளைப் பகிர்ந்துகொண்டால்தான் மலையின் உண்மையான வானிலை புலனாகும்.

இரவு வானம்

கொடைக்கானல் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ பத்துப் பாகையில் உள்ளது. ஓர் இடத்தில் துருவமீன் தொடுவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, அதுவே ஏறக்குறைய அவ்விடத்தின் அகலாங்கு. எனவே இங்குத் துருவமீன் வடக்கே மிகத் தாழ்வாகத் தெரியும். அதற்கு ஈடாகத் தென்வானம் தாராளமாகத் திறந்திருக்கிறது. வட ஐரோப்பாவில் வாழ்வோர் காணவே இயலாத தென்சிலுவை, மே மாத நடுவில் இரவு ஒன்பது மணியளவில் தெற்கே நிமிர்ந்து நிற்கும். அதே நேரத்தில் வடக்கே எழுமீன் என்னும் சப்தரிஷி மண்டலம் தெரியும். அதில் வசிட்டமீனை ஒட்டி மங்கலாக ஒளிரும் அருந்ததியைப் பிரித்துக் காணுதல், கண்ணின் கூர்மைக்கும் வானத்தின் தெளிவுக்கும் ஒருங்கே தேர்வாகும்.

ஜனவரி மாத முன்னிரவுகளில் கார்த்திகைக் கூட்டமும் செம்மை நிறத் திருவாதிரையும் உயர்ந்து தோன்றும். பின்னர்த் தெற்கே அகத்தியர் பெயரால் அழைக்கப்படும் விண்மீன் எழும். விருச்சிகம், தனுசு ஆகிய மண்டலங்களின் ஊடே செல்லும் பால்வீதியின் செறிந்த பகுதி ஜூலை, ஆகஸ்டு மாதங்களின் முன்னிரவில் உச்சி நோக்கி வரும். ஆனால் அது பருவமழைக் காலம். முகில் அதனைப் பெரும்பாலும் மறைத்துவிடும். அப்பகுதியைக் காண விழைவோர் வறண்ட மார்ச் மாதத்தில் விடியலுக்கு முன் ஐந்து மணியளவில் எழுந்து தெற்கே நோக்கவேண்டும். எந்த மீனை எப்போது காணலாம் என்பதை விண்ணின் சுழற்சியோடு மண்ணின் வானிலையும் சேர்ந்தே முடிவுசெய்கிறது.

இவ்வுண்மையை உணர்ந்து செயற்பட்டவர் வேணு பாப்பு. 1960இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்ற அவர், பகலில் சூரியனை நோக்க ஏற்ற இம்மலை, இரவில் விண்மீன்களை நோக்கப் போதிய தெளிவு தருவதில்லை எனக் கண்டார். ஆகவே புதிய இடம் தேடி, சவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தார். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் அங்குப் பணி தொடங்கியது. 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனசுக் கோள் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தது. மறைப்புக்கு முன்னும் பின்னும் அவ்விண்மீன் சிறிது சிறிது நேரம் மங்கியதைக் காவலூர் உள்ளிட்ட பல இடங்களின் நோக்கர்கள் பதிவுசெய்தனர். பதிவுகளை ஒப்பிட்டபோது யுரேனசைச் சுற்றி வளையங்கள் இருப்பது உறுதியாயிற்று. ஒரே இடத்தில் மட்டும் கண்டிருந்தால் அதனைக் கடந்துசென்ற முகிலின் செயல் என்று ஐயுற்றிருக்கலாம். பலரது பதிவுகளின் ஒற்றுமை அந்த ஐயத்தை நீக்கியது. 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986இல் காவலூரில் செயல்படத் தொடங்கியது. இன்று அவ்வாய்வகமும் தொலைநோக்கியும் வேணு பாப்புவின் பெயரைத் தாங்கியுள்ளன.

தெரிந்து தெளிவோம்

விண்மீன்களின் ஒளியை 'ஒளித்தரம்' என்னும் எண்ணால் குறிப்பர். எண் சிறிதாயின் ஒளி மிகுதி. எண் பெரிதாயின் ஒளி குறைவு. ஒளித்தரத்தில் ஐந்து படி வேறுபாடு, ஒளியளவில் நூறு மடங்கு வேறுபாட்டுக்குச் சமம் என 1856இல் வரையறுத்தவர் நார்மன் போக்சன். அவர் 1861 முதல் 1891 வரை சென்னை ஆய்வகத்தின் வானியலாராகப் பணியாற்றினார். இருண்ட வானில் கூரிய கண்ணுக்கு ஆறாம் ஒளித்தர மீன்வரை தெரியும்.

மறையும் இருள்

முகில் மறைக்கும் வானம் சில நாள்களில் மீண்டும் தெளிந்துவிடும். மின்விளக்குகள் மறைக்கும் வானம் அவ்வாறு தானாகத் தெளிவதில்லை. மேல்நோக்கிச் செல்லும் விளக்கொளி காற்றிலுள்ள தூசியிலும் நீர்த்துளிகளிலும் பட்டுச் சிதறி, வானம் முழுவதையும் வெளிறச் செய்கிறது. இதனை ஒளிமாசு என்பர். மூடுபனி மிகுந்த மலையூரில் இச்சிதறல் பன்மடங்காகிறது. நீலம் மிகுந்த வெண்ணிற விளக்குகள், மஞ்சள் நிற விளக்குகளைக் காட்டிலும் மிகுதியாகச் சிதறுகின்றன. சில இரவுகளில் முகிற்கூட்டம் மலைக்குக் கீழே கடல்போல் பரவிச் சமவெளியின் விளக்குகளை மூடிவிடும். அப்போது உச்சியிலிருந்து நோக்குவோருக்கு விண்மீன்கள் வழக்கத்தினும் மிகுதியாகத் தெரியும்.

இருளின் இழப்பு வானியலாரின் இழப்பு மட்டுமன்று. விட்டிற்பூச்சிகள் விளக்கைச் சுற்றியே மடிகின்றன. அவற்றால் மகரந்தச் சேர்க்கை பெறும் செடிகள் பாதிக்கப்படுகின்றன. இரவில் இடம்பெயரும் பறவைகள் வழி தவறுகின்றன. இதற்குத் தீர்வு கடினமானதன்று. ஒளி தரையை நோக்கி மட்டும் விழுமாறு விளக்குகளுக்கு மூடி அமைத்தல், தேவையான இடத்தில் தேவையான நேரத்தில் மட்டும் ஏற்றுதல், மஞ்சள் சாயலுள்ள விளக்குகளைத் தேர்தல் ஆகியவை போதும். லடாக்கின் ஹான்லே பகுதி 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கு வாழும் மக்களே வானத்தின் காவலர்களாகவும் வருவோருக்கு விண்மீன்களைக் காட்டுவோராகவும் பயிற்சி பெற்றுள்ளனர்.

பதிவின் நெறி

வானைப் பதிவதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டுவதில்லை, ஒழுங்கு வேண்டும். நாள், நேரம், இடம் ஆகிய மூன்றும் இல்லாத குறிப்பு பயன்தராது. வெப்பமானி நிழலிலும் காற்றோட்டத்திலும் இருத்தல் வேண்டும். மழைமானி மரத்துக்கும் சுவருக்கும் விலகி நிற்றல் வேண்டும். இந்திய வானிலைத் துறையின் வழக்கப்படி, முந்தைய இருபத்து நான்கு மணிநேர மழை காலை 8.30 மணிக்கு அளக்கப்படுகிறது. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழுந்த ஒரு லிட்டர் நீர். வானத்தை எட்டுக் கூறுகளாகக் கருதி, அவற்றுள் எத்தனை கூறுகளை முகில் மூடியுள்ளது எனக் குறிப்பர். இரவில், தெரிந்த மீன்களுள் மிக மங்கலானது எது என எழுதினால் வானத்தின் தெளிவு விளங்கும். 2006இல் தொடங்கிய 'குளோப் அட் நைட்' என்னும் உலகளாவிய திட்டத்தில், பொதுமக்கள் இவ்வாறு கண்ணால் கண்டு தரும் குறிப்புகளைக் கொண்டே ஒளிமாசு அளவிடப்படுகிறது.

மழை பெய்யாத நாளில் 'சுழியம்' என எழுதுதல் வேண்டும். அளக்காத நாளில் 'அளக்கவில்லை' என எழுதுதல் வேண்டும். இரண்டும் வெவ்வேறு செய்திகள். விடுபட்ட நாளை ஊகத்தால் நிரப்பினால், நூறாண்டுக்குப் பின் அவ்வேட்டைப் புரட்டுவோர் ஊகத்தையும் உண்மையென்றே கொள்வர். கருவியை மாற்றினாலோ இடம் பெயர்த்தாலோ அதனையும் குறித்தல் வேண்டும். கொடைக்கானலின் தகடுகள் இன்று நம்பப்படுவதற்கு, எடுத்த நாளும் நேரமும் அவற்றோடு பேணப்பட்டமை ஒரு காரணம்.

ஒருநாளைய நிலை வானிலை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் சராசரி காலநிலை. காலநிலை மாறுகிறதா என்பதை ஒருவரது நினைவைக் கொண்டு துணிய இயலாது. முன்பெல்லாம் குளிர் மிகுதி என்னும் பேச்சு, பதிவு இருந்தால் மட்டுமே சான்றாகும். பள்ளி ஒன்றின் வளாகத்தில் ஒரு மழைமானியை நிறுத்தி, ஒரு வகுப்பு எழுதிய ஏட்டை அடுத்த வகுப்பு தொடர்ந்து எழுதினால், முப்பது ஆண்டுகளில் அவ்வூருக்கெனக் காலநிலை வரலாறு ஒன்று உருவாகிவிடும். அண்டை ஊர்ப் பள்ளிகளோடு அதனைப் பகிர்ந்தால் ஒரு மலைத்தொடரின் வரலாறே உருவாகும்.

பழனிமலையின் உச்சியில் நாளைக் காலை வானம் தெளிந்திருந்தால் குவிமாடம் மீண்டும் திறக்கப்படும். சூரியன் மீண்டும் படமாகும். அப்படம் எந்த வினாவுக்கு விடையாகும் என்பதை அதனை எடுப்போர் அறியார். 1813இல் சென்னையில் மழையை அளந்தவரும் பஞ்சத்தை எண்ணி அளக்கவில்லை. முன்னோர் ஏட்டில் விட்டுச்சென்ற எண்களிலிருந்து இத்தலைமுறை அறிவைப் பெற்றது. இத்தலைமுறை எழுதிவைக்கும் எண்களுக்காக இனிவரும் தலைமுறை காத்திருக்கிறது.